இல்லாததைக் காட்டும் பட்டியல்: தள வரைபடத்தின் தோற்றுவாய்

ஒரு வலைத்தளத்தில் அடங்கியுள்ள பக்கங்களை முறைப்படுத்தி ஓரிடத்தில் தொகுத்துச் சொல்லும் பட்டியல் தள வரைபடம் எனப்படுகிறது. இது இருவகைப்படும். தளத்துக்கு வருபவர் படித்துத் தமக்கு வேண்டிய தலைப்பைச் சொடுக்கிச் செல்வதற்காகத் தளத்தின் ஒரு பக்கமாகவே அமைவது முதல் வகை. கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளின் நிரல்கள் படிப்பதற்காக எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்பட்டு, பார்வையாளர் கண்ணில் படாமல் வழங்கியில் வைக்கப்படும் கோப்பு இரண்டாம் வகை. இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன என்னும் வினா தொழில்நுட்ப வரலாற்றோடு முடிந்துவிடக்கூடியது போலத் தோன்றினாலும், விடையைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது, அது தமிழ் நூல்மரபின் பழைய வழக்கம் ஒன்றன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இத்தேடலைத் தொடங்குவதற்கு மேடவாக்கத்தை அடுத்த பெரும்பாக்கம் பொருத்தமான இடமாகும். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் சொந்தக் கட்டடம் 2022 ஜனவரியில் இங்குத்தான் திறந்துவைக்கப்பட்டது. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, இறையனார் களவியல் உரை, முத்தொள்ளாயிரம் ஆகிய 41 நூல்களை ஆராய்வதும் பதிப்பிப்பதும் அந்நிறுவனத்தின் தலையாய பணிகளுள் அடங்கும். இந்நூல்கள் அனைத்தையும் பாட்டுக்கொரு பக்கமாக வலையில் ஏற்றினால் அவற்றைத் தேடுவோருக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று எண்ணிப் பார்த்தால், தள வரைபடத்தின் தேவையும் அளவும் தெளிவாகப் புலப்படும்.

தேடுபொறிக்குரிய வரைபடத்தின் இன்றைய வடிவம் 2005 ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையிலிருந்து தொடங்குகிறது. அதனை அந்நிறுவனம் தனக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளாமல், பிறரும் எடுத்தாளத்தக்க படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிட்டதால், 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் அதை ஏற்றுக்கொண்டு மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவான 0.90 பதிப்பு உருவாயிற்று. தளம் நடத்துவோர் ஒவ்வொரு தேடுபொறிக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டியிராமல், வரைபடம் இருக்கும் முகவரியை ‘ரோபாட்ஸ் டெக்ஸ்ட்’ கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்தாலே போதும் என்னும் ஏற்பாடு 2007 ஏப்ரலில் சேர்ந்தது. ரோபாட்ஸ் டெக்ஸ்ட் என்பது, தளத்தின் எப்பகுதிக்குள் நிரல்கள் நுழையலாம், எப்பகுதிக்குள் நுழையலாகாது என்பதை அறிவிப்பதற்காக வழங்கியின் முகப்பில் வைக்கப்படும் எளிய உரைக்கோப்பாகும்.

ஆனால் 2005 தொடக்கமன்று. ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 2000ஆம் ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஓன் பிராண்ட்மன், ஜுங்ஹூ சோ, ஹெக்டர் கார்சியா-மொலினா, நாராயணன் சிவக்குமார் ஆகிய நால்வர், திரட்டு நிரல்களுக்கு உதவும் வழங்கிகளைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினர். திரட்டு நிரல் என்பது, ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்குச் சென்று அவற்றின் உள்ளடக்கத்தைத் தேடுபொறிக்குச் சேகரித்துக் கொடுப்பது. எந்தப் பக்கம் மாறியது, எது மாறவில்லை என்பதை அது முன்கூட்டியே அறிய வழியில்லாததால், மாறாத பக்கங்களையும் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கி வழங்கிக்கும் தனக்கும் வீண்சுமை ஏற்றிக்கொள்கிறது. தன்னிடமுள்ள பக்கங்களையும் அவை மாறிய நாள்களையும் வழங்கியே ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அச்சுமை பெரிதும் குறையும் என்பதே அக்கட்டுரையின் சாரம். நால்வருள் ஒருவரான சிவக்குமார் பின்னர்க் கூகுளில் பொறியியல் இயக்குநராகி, 2005இல் அந்நெறிமுறையை அறிவித்தார் என்பது, ஆய்வுக்கூடத்துக் கருத்து உலக வழக்கான பாதையைக் காட்டுகிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், வலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1993ஆம் ஆண்டு எதிர்ப்படுகிறது. அவ்வாண்டு நவம்பரில் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் ‘அலிவெப்’ என்னும் தேடல் ஏற்பாட்டை அறிவித்தார். அது திரட்டு நிரலை நம்பவில்லை. ஒவ்வொரு தளத்தையும் நடத்துபவரே தம் தளத்திலுள்ளவற்றின் தலைப்பு, முகவரி, விளக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட அமைப்பில் எழுதித் தம் வழங்கியில் வைத்துவிட்டு, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் அலிவெப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அலிவெப் அக்கோப்புகளை அவ்வப்போது எடுத்துச் சென்று ஒன்றாகச் சேர்த்துத் தேடுவதற்கு ஏற்றதாக்கும். எழுதிக் கொடுக்க முன்வந்தோர் சிலரே ஆனதால் அது நிலைபெறவில்லை. அதே கோஸ்டர்தான் 1994இல் ரோபாட்ஸ் டெக்ஸ்ட் முறையையும் முன்மொழிந்தார். 28 ஆண்டுகள் வழக்கத்தால் மட்டுமே நின்ற அம்முறை, 2022 செப்டம்பரில் முறைப்படியான இணையத் தர ஆவணமாயிற்று. ஆகவே, உள்ளே இருப்பதை உரியவரே சொல்லட்டும் என்னும் கருத்து முதலிலேயே தோன்றி, திரட்டு நிரல்களின் வேகத்துக்கு முன் பின்தங்கி, அந்நிரல்களுக்கே துணையாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்தது என்று கொள்ளலாம்.

உள்ளே இருப்பதை நூலுக்கு உரியவர்களே முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் பதிகமும் மணிமேகலையின் பதிகமும் கதைச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், தத்தம் நூலின் முப்பது பகுதிகளையும் அவை வரும் வரிசையிலேயே பெயர் சொல்லி அடுக்குகின்றன. அகநானூற்றைத் தொகுத்தவர்களோ பட்டியலை எண்களுக்குள்ளேயே வைத்துவிட்டனர். அத்தொகையில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டுகளும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்குகளாக வருபவை நெய்தல். 134 என்னும் எண்ணைக் கேட்ட அளவில், பாட்டைப் படிக்காமலேயே அது முல்லைப் பாட்டு என்று சொல்லிவிட முடிகிறது. முகவரியைப் பார்த்தே உள்ளடக்கத்தின் வகையை அறியும்படி பக்கங்களுக்கு முகவரி அமைக்க வேண்டும் என்று இன்று வலைத்தளம் வடிவமைப்போர் வலியுறுத்தும் நெறியை இத்தொகுப்புமுறை முழுமையாக நிறைவேற்றியிருக்கிறது.

இவ்வகைப் பட்டியலின் ஆழ்ந்த பயன் பரிபாடலில் வெளிப்படுகிறது. திருமாலுக்கு 8, செவ்வேளுக்கு 31, கொற்றவைக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4 என மொத்தம் 70 பாட்டுகள் அந்நூலில் இருந்தன என்று பழைய வெண்பா ஒன்று வகைப்படுத்திச் சொல்கிறது. உ. வே. சாமிநாதையர் 1918இல் அந்நூலைப் பதிப்பித்தபோது முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. அவை திருமால், செவ்வேள், வையை ஆகிய மூன்று பொருள்களைப் பற்றியவை. கொற்றவைக்கு ஒரு பாட்டு இருந்தது, அது தொலைந்துபோயிற்று என்னும் செய்தியை ஏடுகளால் உணர்த்த முடியாது. எண்ணிக்கை சொன்ன வெண்பாவே அதனை உணர்த்துகிறது. தேட வேண்டியது இன்னும் எவ்வளவு என்று தெரிந்திருந்ததால்தான், தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் சிதறிக் கிடந்த பரிபாடல் பகுதிகள் பொருளுள்ள கண்டெடுப்புகளாயின. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும், ஐங்குறுநூற்றின் 129, 130ஆம் பாட்டுகளும், புறநானூற்றின் 267, 268ஆம் பாட்டுகளும் மறைந்துபோனவை என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் அந்நூல்களின் எண் ஒழுங்கினாலேயே ஆகும்.

தேடுபொறிக்குரிய தள வரைபடமும் இதே பணியைச் செய்கிறது. கூகுளின் தேடல் பணியகமான சர்ச் கன்சோலில் ஒரு வரைபடத்தைச் சேர்த்தால், அதில் குறிக்கப்பட்ட பக்கங்களுள் எவை தேடல் அட்டவணையில் ஏறின, எவை ஏறவில்லை, ஏறாதவற்றுக்குக் காரணம் என்ன என்பதைத் தளம் நடத்துபவர் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வரைபடத்தில் இடம்பெற்றதனாலேயே ஒரு பக்கம் தேடல் முடிவில் வந்தே தீரும் என்னும் உறுதி கிடையாது. ஆனால் பட்டியல் கையில் இல்லாதபோது விடுபட்டவை எவை என்று கேட்பதற்கே இடமில்லாமல் போகிறது.

கோப்பின் அமைப்பு எளிது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிவு உண்டு. அதில் ‘லாக்’ என்னும் குறியீட்டுக்குள் முகவரியும், ‘லாஸ்ட்மாட்’ என்னும் குறியீட்டுக்குள் பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளும் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதப்படும். எவ்வளவு அடிக்கடி மாறும், எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் வேறிரு குறியீடுகளும் நெறிமுறையில் உண்டு என்றாலும், அவற்றைத் தான் பொருட்படுத்துவதில்லை என்றும், திருத்திய நாள் தொடர்ந்து உண்மையாக இருந்தால் மட்டுமே அதனைப் பயன்படுத்துவதாகவும் கூகுள் தெரிவித்துள்ளது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம். சங்கப் பாடல்கள் 2,381, குறட்பாக்கள் 1,330, நாலடியார்ப் பாடல்கள் 400 என்று கூட்டிக்கொண்டே போனாலும், செம்மொழி நூல்கள் அனைத்தும் பாட்டுக்கொரு பக்கமாக ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும்.

தமிழில் முகவரி எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வரைபடக் கோப்பு யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதும், முகவரியில் வரும் தமிழ்க் குறிகளை விழுக்காட்டுக் குறியீடாக மாற்றி எழுத வேண்டும் என்பதும் விதி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வது. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாகவும் இரண்டு எழுத்துகளாகவும் விரிவதால், ஒரு குறிக்கு ஒன்பது இடம் ஆகிறது. ‘தமிழ்’ என்னும் சொல், த, ம, இகர மேல்விலங்கு, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆனதால், 45 இடங்களைப் பிடிக்கிறது. முகவரியின் நீளம் 2,048 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் பாட்டின் முதலடி முழுவதையும் முகவரியாக்குவதைவிட, நூற்பெயரும் பாட்டெண்ணும் கொண்ட குறுமுகவரி நன்று; அகநானூற்றின் எண்முறை இதற்கு ஆயத்தமான வழிகாட்டியாக உள்ளது.

பார்வையாளருக்குரிய வரைபடம் வேறொரு கடமையிலிருந்து வலுப்பெற்றது. 2008 டிசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை நெறிகளின் 2.0 பதிப்பு, ஒரு பக்கத்தைச் சென்றடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும் என்று விதித்து, அதனை நிறைவேற்றும் உத்திகளுள் ஒன்றாகத் தள வரைபடத்தைக் குறித்தது. தேசியத் தகவலியல் மையம் 2009இல் உருவாக்கிய இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளிலும் அது இடம்பெற்றது. திரைவாசிப்பானைக் கொண்டு செவிவழியே தளத்தை அறியும் பார்வையற்றோருக்கும், அடுக்கடுக்காக விரியும் பட்டிகளில் வழிதவறும் முதியோருக்கும், எல்லாத் தலைப்புகளும் நேர்வரிசையில் அமைந்த ஒரு பக்கம் பெருந்துணையாகும். சான்றிதழ் விண்ணப்பம், வரி, மின்கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசுத் தளத்தை நாட வேண்டியுள்ள மேடவாக்கம், தாம்பரம் வட்டாரக் குடும்பங்களுக்கு இது அன்றாடத் தேவையே.

வலைத்தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், 2020 ஆகஸ்டில் வெளியான 5.5 பதிப்பு முதல் தேடுபொறிக்குரிய வரைபடம் தானாகவே உருவாகிவிடுகிறது. எனவே சிறு கடையின் தளத்துக்கும் அது கிடைத்துவிடுகிறது. மனிதருக்குரிய பட்டியலை மட்டும் எவரேனும் பொறுப்பெடுத்து எழுத வேண்டியுள்ளது. தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் வலையேற்றும் நிறுவனங்கள் இவ்விரண்டையும் ஒரே மூலப்பட்டியலிலிருந்து உருவாக்குவதும், பக்கம் மாறும்போதே நாளையும் மாற்றுவதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டியலையும் தேடல் அட்டவணையையும் ஒப்புநோக்குவதும் கடமையாகும். பரிபாடலின் 48 பாட்டுகள் கிட்டவில்லை என்னும் அறிவைப் பெயர் தெரியாத ஒருவர் வகுத்துவைத்த கணக்கு நமக்குத் தந்தது. இன்று வலையேறும் தமிழுக்கு அத்தகைய கணக்கை எழுதிவைக்கும் பொறுப்பு, அதனை வலையேற்றுவோர் ஒவ்வொருவரையும் சார்ந்தது.