கத்தரிக்காய் கற்பித்த பாடம்

உண்பவரின் நா, சமைப்பவரின் கைக்குக் கடன்பட்டது. நூல்கள் பல கற்றும் இவ்வுண்மையை யாம் உணர்ந்தோமில்லை. அறுபதை நெருங்கும் அகவையில், கத்தரிக்காய் ஒன்றே அதனை எமக்குக் கற்பித்தது.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திராவில் பாடாங் என்றொரு துறைமுக நகர் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டுச் சென்று குடியேறிய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். நாகூர் ஷாகுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக, துணியில் முடிந்த சர்க்கரையைப் பள்ளிவாசலிலிருந்து மக்களை நோக்கி வீசும் ‘செராக் கூலோ’ என்னும் விழாவை ஆண்டுதோறும் நடத்துகின்றனர். அதனைக் காணத் துணைவியாருடன் சென்றிருந்தபோது, மினாங்கபாவ் குடும்பம் ஒன்றின் இல்லத்தில் விருந்துண்டோம். இறைச்சி வகைகள் பலவற்றுக்கிடையே, செக்கச் சிவந்த மிளகாய்ச் சாந்து போர்த்திய கத்தரிக்காயும் இருந்தது. துணைவியார் அதனையே விரும்பி உண்டார். ‘தெரோங் பலாடோ’ என்பது அதன் பெயர்.

தெரோங் என்றால் கத்தரிக்காய். பலாடோ என்றால் ‘லாடோ’ சேர்ந்தது. மினாங்கபாவ் மொழியில் லாடோ என்பது மிளகாய். அதற்கு இனமான மலாய்ச் சொல்லாகிய ‘லாடா’ மிளகையும் குறிக்கும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பல்கள் வழியே அது கீழை நாடுகளில் பரவியது. அதற்குமுன் நம்மவரும் அவர்களும் காரத்துக்கு மிளகையே பெரிதும் நம்பினர். புதியது வந்தபோது நாம் பழைய பெயருடன் காயைச் சேர்த்து ‘மிளகாய்’ என்றோம். அவர்களும் மிளகின் பெயரையே அதற்கு வழங்கினர். கடல் பிரித்த இரு மக்களின் நாவும் ஒன்றுபோலவே எண்ணியிருக்கிறது!

ஊர் திரும்பிய சில திங்களில் துணைவியார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து வலக்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அடுப்படி எம் பொறுப்பாயிற்று. ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, “அந்தப் பாடாங் கத்தரிக்காய் கிடைத்தால் இரண்டு வாய் கூடச் சாப்பிடலாம் போலிருக்கிறது” என்றார். 32 ஆண்டு இல்லறத்தில், இன்னது வேண்டுமென்று அவர் எம்மிடம் கேட்டது அதுவே முதன்முறை.

செய்முறையைப் பாடாங் இல்லத்து மூதாட்டியிடம் அவர் கேட்டு வைத்திருந்தார். அரைக்கிலோ நீளக் கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரித்தெடுக்க வேண்டும். பழுத்த சிவப்பு மிளகாய் 12, சிறுவெங்காயம் 8, பூண்டு 3 பல், தக்காளி 2 ஆகியவற்றைக் கல்லில் கொரகொரப்பாக நசுக்கி, எண்ணெய் பிரியும்வரை இளந்தீயில் வதக்க வேண்டும். உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காயைப் புரட்டினால் முடிந்தது. கேட்பதற்கு எவ்வளவு எளிது!

யாமோ மிளகாய்ப்பழம் தேடச் சோம்பி வற்றலை இட்டோம். அம்மிக்கு அஞ்சி மிக்ஸியில் ஓட்டினோம், சாந்து கூழாயிற்று. எண்ணெய் நன்கு காயுமுன் இட்டதால் கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்துக் குழைந்தது. தீயைக் கூட்டியதும் எழுந்த நெடியில் அண்டை வீட்டாரும் இருமினர். அன்றிரவு துணைவியார் இடக்கையில் கரண்டி பிடித்து, தட்டில் வைத்ததை மிச்சமின்றி உண்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் மிளகாயினும் உறைத்தது. உப்புக் குறைந்த நாள்களில் யாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது எம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் சந்தைக்குச் சென்று மிளகாய்ப்பழம் வாங்கி வந்தோம். துணைவியார் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, அம்மியில் நசுக்கினோம். இம்முறை காய் குழையவில்லை, சாந்தும் கூழாகவில்லை. ஆனால் மஃரிபுக்கு ஒளூச் செய்தபோது கையின் காரம் கண்ணில் பட்டுத் துடித்துப் போனோம். “இந்த எரிச்சல் உனக்கு எத்தனை நாள் இருந்தது?” என்று கேட்டோம். “அரைத்த நாளெல்லாம் இருந்ததுதானே!” என்று சிரித்தார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். வீட்டாரின் பணிகளில் துணை நிற்பதும் அவர்களின் வழக்கம். இவற்றை மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். எம் வீட்டு அடுப்படிவரை அவற்றைக் கொண்டு செல்ல மட்டும் மறந்துவிட்டோம்.

துணைவியாரின் கை இன்று குணமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் ஞாயிறுதோறும் அம்மி எம்முடையதே. மாணவச் செல்வங்களே, தாய் பரிமாறும் தட்டில் குறை காணுமுன் ஒருநாளேனும் அவர் அரைக்கும் மிளகாயை நீங்கள் அரைத்துப் பாருங்கள். எமக்கு 32 ஆண்டுகள் பிடித்த பாடம் உங்களுக்கு ஒருநாளில் கிட்டட்டும்!