‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமத்துமுன்

வீடொன்றை வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தம் எழுதுகிறோம். நாம் குடியிருக்கும்போதே வீட்டுக்காரர் வந்து, “இன்று முதல் நிபந்தனை வேறு, விருப்பமில்லையென்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு போங்கள்” என்றால் சும்மா இருப்போமா? நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்போம். ஆனால் கைத்தொலைபேசியில் இதே காரியம் நடக்கும்போது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அமத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எங்கள் மாதர் சங்கத்தில் தையல் வேலை செய்யும் பெண்கள் பலர் வட்ஸ்அப் மூலமே ஓடர் எடுக்கிறார்கள். 2021 ஜனவரியில் அவர்களுடைய தொலைபேசிகளுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. புதிய நிபந்தனைகளை பெப்ரவரி 8ஆம் திகதிக்குள் ஏற்காவிட்டால் தொடர்ந்து பாவிக்க முடியாது என்றது அது. “நாங்கள் கதைக்கிறதெல்லாம் வாசிக்கப் போறாங்களாம்” என்றார் ஒருவர். வயதான அக்கா ஒருவருக்கோ வேறு கவலை. “பிள்ளை, இதை அமத்தாட்டி கனடாவில இருக்கிற மகளோட கதைக்கேலாதாமே?” என்று என்னிடம் கேட்டார்.

முதலாமவரின் பயம் சரியானதல்ல. இருவர் தமக்குள் அனுப்பும் செய்திகள் முன்போலவே பூட்டப்பட்டிருந்தன. அவற்றை நிறுவனமும் வாசிக்க முடியாது. மாற்றம், வர்த்தக நிறுவனங்களுடன் நாம் நடத்தும் உரையாடல்களையும், நம்மைப் பற்றிய தகவல்கள் கையாளப்படும் விதத்தையும் பற்றியது. ஆனால் அக்காவின் கேள்வி நியாயமானது. மகளின் குரலா, நிபந்தனையா என்று கேட்டால் எந்தத் தாய் நிபந்தனையை வாசித்துக்கொண்டிருப்பாள்?

2014இல் வட்ஸ்அப்பை 19 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக முகநூல் நிறுவனம் அறிவித்தபோது, பாவனையாளருக்கு எதுவும் மாறாது என்று சொல்லப்பட்டது. 2016 ஒகஸ்டில் அது மாறியது. நம் தொலைபேசி இலக்கம் தாய் நிறுவனத்துக்கும் போகும் என்றார்கள். ஏற்கெனவே பாவித்தவர்கள், தம் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மறுப்பதற்கு 30 நாட்களே கொடுக்கப்பட்டன. வாங்கும் வேளையில் தவறான தகவல் தந்ததற்காக 2017 மே மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு முகநூலுக்கு 110 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

இப்படி இடையில் மாற்ற எப்படி முடிகிறது? நிபந்தனைகளை நாங்கள் மாற்றலாம், தொடர்ந்து பாவித்தால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்ற வரி பெரும்பாலான சேவைகளின் ஒப்பந்தத்தில் முதல் நாளே இருக்கிறது. இது எனக்கு நுண்கடன் படிவங்களை ஞாபகப்படுத்துகிறது. வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைத்து, பிறகு கண்ணீர் வடித்த பெண்களை நாம் அறிவோம்.

ஆனால் எதிர்த்தால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். 2012 டிசம்பரில் இன்ஸ்டகிராம், பாவனையாளரின் படங்களை விளம்பரங்களுக்குப் பயன்படுத்த இடமளிக்கும் விதத்தில் நிபந்தனைகளை எழுதியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே விளம்பரம் பற்றிய பழைய பகுதிக்குத் திரும்பியது. வட்ஸ்அப்பும் 2021இல் தவணையை மே 15 வரை தள்ளி, பிறகு ஏற்காதவர்களின் கணக்கு அழிக்கப்படாது என்றது. 2023 மார்ச்சில், இனிவரும் மாற்றங்களைத் தெளிவாக விளக்குவதாகவும், ஏற்பதைப் போலவே மறுப்பதையும் கண்ணில் படும்படி வைப்பதாகவும் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது.

என் அம்மாவின் கடைசிக்காலப் படங்களை இலவசமாக ஒரு சேவையில் வைத்திருந்தேன். சில வருடங்களின் பின், இடத்துக்குப் பணம் கட்டச் சொல்லி அறிவித்தல் வந்தது. அதிலிருந்து முக்கியமான படங்களின் பிரதி ஒன்றை வீட்டிலும் வைக்கிறேன். சங்கத்திலும் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வைக்கிறோம். அறிவித்தல் வந்தால் உடனே அமத்தாமல் மூன்று விடயங்களைப் பார்க்கிறோம்: எது மாறுகிறது, எந்தத் திகதியிலிருந்து, மறுத்தால் எதை இழப்போம். விளங்காவிட்டால் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறோம்.

வாசித்த பிறகும் பல தடவைகளில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. ஆனாலும் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரிந்தவளே, நாளை “இது நான் ஒப்புக்கொண்டதல்ல” என்று கேட்கவும் முடியும்.