நிழலில் ஓர் இருக்கை

ஆர்லாண்டோ போகிறோம் என்று சொன்னதும் எனக்கு வந்த முதல் அறிவுரை டிக்கெட்டைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ இல்லை. "கிளம்புறதுக்குள்ள பெரியவளுக்குப் பாலை நிறுத்திடு" என்பதுதான். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. சின்னவனுக்கு ஐந்து மாதம். இருவருமே என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிள்ளைக்குக் கூட்டத்தில் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஓடியாடும் பிள்ளை வந்து சட்டையை இழுத்தால் என்ன செய்வாய் என்பது தோழிகளின் கவலை. அன்பினால் சொன்னார்கள். ஆனால் இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. இரண்டாம் வயதில் பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பாலே தந்துவிட முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதை ஒரு சுற்றுலாவுக்காக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ சுமார் 700 கிலோமீட்டர். பேறுகாலம் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மாவும் பின்சீட்டில், பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். ஓடும் காரில் பிள்ளையை இருக்கைப் பட்டையிலிருந்து கழற்றி மடியில் எடுக்கக் கூடாது என்பது அம்மாவுக்குப் பெரிய வருத்தம். ஊரில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மடியில் போட்டு முந்தானையை இழுத்துவிட்டு அமர்த்திவிடுவார்கள், பிள்ளை அடுத்த ஊர் வருமுன் தூங்கிவிடும். இங்கே ஒவ்வொரு தடவையும் நெடுஞ்சாலை ஓய்விடம் பார்த்து நிறுத்தினோம். பைன் மரத்தடி மேசைகளில் உட்கார்ந்து கொடுத்தேன். பயணம் நீண்டதே தவிர கெடவில்லை.

வழியில் ஓர் உணவகத்தில், பரிமாறிய பெண் குனிந்து மெதுவாக, மூடிக்கொள்ளத் துணி ஏதும் வேண்டுமா என்று கேட்டார். குரலில் மரியாதை இருந்தது. இருந்தாலும் அந்தக் கேள்வி மேசையில் எல்லோரையும் ஒரு நிமிடம் சுருக்கிவிட்டது. என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம், நன்றி" என்றேன். துணி என்னிடமே இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பாலூட்டும் போர்வையை வாங்கி வைத்திருந்தேன். ஜூன் மாதத்தில் அதற்குள் பிள்ளையை வைத்தால் தலை வேர்த்து, மூச்சுத் திணறி, காலால் உதைத்துத் தள்ளுகிறான். மறைக்கப் போய் பக்கத்து மேசை வரை திரும்பிப் பார்க்கிறது.

புளோரிடாவுக்குள் நுழைந்ததும் கணவரிடம் அந்த மாநிலத்தின் சட்டத்தைச் சொன்னேன். 1993ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஒரு தாய் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும், பொது இடமோ தனியார் இடமோ, அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம்; அப்போது மார்பு தெரிந்தாலும் அது குற்றமில்லை. அமெரிக்காவில் இப்படிச் சட்டம் செய்த முதல் மாநிலங்களில் புளோரிடா ஒன்று. ஐம்பது மாநிலங்களிலும் இது வந்து முடிய 2018 ஆனது. அவர் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டிவிட்டு, "அப்ப இங்க யாரும் நம்மள எழுந்துபோன்னு சொல்ல முடியாது" என்றார். நம்மள என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது.

டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலுக்குக் காரில் நேராகப் போய்விட முடியாது. நிறுத்துமிடத்தில் இறங்கி, ஏரியைப் படகிலோ சுற்றிவரும் மோனோரயிலிலோ கடக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது என்பதால் எங்கள் பிள்ளைகள் இருவரும் இலவசம். மோனோரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சின்னவனின் முதல் சாப்பாடு அங்கேயே முடிந்தது. சேலையும் விளையாட்டுக் காலணியுமாக வந்திருந்த அம்மா என் முன்னால் நின்றுகொண்டாள். "மறைக்க வேண்டாம்மா, உக்காரு" என்றேன். "மறைக்கலை தாயி, கம்பி இங்கதான இருக்கு" என்றாள்.

உள்ளே 'மெயின் ஸ்ட்ரீட்' தெரு முடியும் இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி 'பேபி கேர் சென்டர்' இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களிலும் இப்படி ஒன்று உண்டு. குளிர்ந்த, வெளிச்சம் குறைத்த அறை, ஆடும் நாற்காலிகள், பிள்ளைக்குத் துணி மாற்ற மேசைகள், உணவைச் சூடுபடுத்த மைக்ரோவேவ், வெளிக்கூடத்தில் படம் ஓடும் தொலைக்காட்சி. டயப்பர் தீர்ந்துவிட்டால் அங்கேயே வாங்கலாம். எல்லாம் சுத்தம். யாரும் அவசரப்படுத்துவதில்லை. அந்த நாற்காலியில் சாய்ந்தபோது என் முதுகு எவ்வளவு வலித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தாய்க்கும், வாய் வைக்கவே இன்னும் பழகாத பிள்ளையின் தாய்க்கும், கூட்டத்தில் கூச்சப்படுகிறவளுக்கும் அந்த அறை பெரிய உதவி. வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்துத் திரும்பித் திரும்பிக் குடிக்கும் ஐந்து மாதப் பிள்ளைக்கும்தான்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளை இரண்டு, இரண்டரை மணிக்கு ஒரு முறை கேட்கும். காலையிலிருந்து இரவு வரை பூங்காவில் இருந்தால் ஐந்தாறு தடவை. தடவைக்கு அரை மணி என்றாலே மூன்று மணி நேரம். பூங்காவின் டுமாரோலேண்ட் பகுதியின் கோடியிலிருந்து தள்ளுவண்டியோடு கூட்டத்தைப் பிளந்து அந்த அறைக்கு வந்து திரும்பும் நேரம் தனி. பிள்ளையின் அழுகை கேட்டவுடன் தாய்க்குப் பால் சுரந்துவிடும். நடக்க நடக்க அவள் சட்டை நனையும், பிள்ளை வீறிடும். அந்தப் பதற்றத்தோடு போய் உட்கார்ந்தால், சுரக்க ஆரம்பித்த பால் இறங்கத் தயங்கும். பசித்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் இந்தப் பாடு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அறைக்குத்தான் போக வேண்டும் என்றால், அந்தத் தாய் பார்த்துவிட்டு வந்தது பூங்காவை இல்லை, அறையை. மூத்த பிள்ளை "அம்மா எங்கே" என்று கேட்டுக்கொண்டே ஊர்வலம் பார்க்கும்.

அதனால் நான் பெரும்பாலும் வெளியில்தான் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. எனக்குத் தடையாக இருந்தவை மற்றவர்களின் கண்கள் இல்லை. முதுகு சாய இடமில்லாததும், நிழல் இல்லாததும், தண்ணீர் தூரத்தில் இருந்ததும்தான். ஆயிரக்கணக்கானோர் நடக்கும் இடத்தில் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. அவரவர் வரிசை அவரவருக்கு. ஆனால் நிழலில், சாய்மானத்தோடு, பக்கத்தில் தள்ளுவண்டியும் நிற்கும்படியான ஒரு பெஞ்சு கிடைப்பதற்குத்தான் அலைந்தேன். கிடைத்தாலும் அதில் செல்பேசி பார்த்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பெஞ்சு இல்லாத இடத்தில் சவாரிகளே கைகொடுத்தன. 'ஸ்பேஸ் மவுண்டன்' ஏற 44 அங்குல உயரம் வேண்டும். அங்கே 'ரைடர் ஸ்விட்ச்' என்று ஒரு ஏற்பாடு. பெரியவர்களில் ஒருவர் பிள்ளையோடு வெளியே இருக்கலாம், மற்றவர் போய்வந்த பின் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் இவர் போகலாம். கணவர் உள்ளே போன நேரத்தில் நாங்கள் பக்கத்திலிருக்கும் 'பீப்பிள்மூவரில்' ஏறினோம். தூணுக்கு மேலே மெதுவாக ஊரும் திறந்த வண்டி, சுமார் பத்து நிமிடம், உயரக் கட்டுப்பாடு இல்லை. அது ஸ்பேஸ் மவுண்டன் கட்டடத்துக்குள்ளேயே இருட்டில் நுழைந்து வெளிவருகிறது. காற்றும் நிழலும் இருக்கையும் ஒன்றாகக் கிடைத்த இடம். பக்கத்திலேயே 'கரோசல் ஆஃப் பிராக்ரஸ்'. பார்வையாளர் அமர்ந்த அரங்கமே மேடையைச் சுற்றி நகரும், குளிர்சாதனத்தில் இருபது நிமிடம். சின்னவன் இரண்டு பக்கமும் குடித்து முடித்துத் தூங்கிவிட்டான்.

'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகில் பெரியவள் பால் கேட்டாள். பல நாட்டுப் பொம்மைகள் பாடி ஆடும் அந்தச் சவாரியை 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் அமைப்பைச் சிறப்பிக்கும் அரங்குக்காகத்தான் முதலில் செய்தார்கள். அதே யுனிசெஃப்தான் பிறகு, 1990இல், உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் தாய்ப்பாலைக் காக்கும் பிரகடனத்துக்கு வழி செய்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தை உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடுவது அதன் நினைவாகத்தான். அந்தப் படகில் என் பிள்ளை பால் குடித்ததில் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. இந்த இடம் நமக்கானதுதான் என்று தோன்றியது.

மதியத்தில் வெயில் 33 டிகிரியைத் தொட்டது. "பிள்ளைக்கு நாக்கு வறளும், ஒரு சங்கு தண்ணி குடு" என்று அம்மா நச்சரிக்கத் தொடங்கினாள். ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்றேன். வெயிலில் பிள்ளை அடிக்கடி கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், முதலில் வரும் நீர்த்த பாலே தாகத்தைத் தீர்க்கும் என்றும் சொன்னேன். அவள் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் யோசித்துவிட்டு, "அப்ப தண்ணிய நீ குடிக்கணும்" என்றாள். அதுதான் சரி. டிஸ்னி பூங்காக்களில் கவுண்டரில் வாங்கும் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீரை இலவசமாகவே தருகிறார்கள். அன்று முழுக்க அம்மா என் கையில் ஒரு தம்ளர் குறையாமல் பார்த்துக்கொண்டாள்.

பூங்காவில் என்னைச் சங்கடப்படுத்திய கேள்வி வேற்று நாட்டவரிடமிருந்து வரவில்லை. வாணவேடிக்கைக்கு முந்தைய நெரிசலில் பெரியவள் சோர்ந்து மடியில் ஏறியபோது, பின்னால் நின்ற ஒரு தமிழ் அத்தை, "இன்னுமா குடிக்கிறா? வேப்பெண்ணெய் தடவிப் பார்க்கலையாம்மா?" என்றார். அவர் பேத்தியும் அதே வயது. அவருக்கு என்மேல் கோபமில்லை, உண்மையான அக்கறை. "அவளே விடுவா அத்தை. இவ்வளவு சத்தத்துல இதுதான் அவளுக்குத் தைரியம்" என்றேன். இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பால் வெறும் பசிக்கானது இல்லை. முதல் வெடி வெடித்தபோது அவள் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு வாயை எடுக்காமலே ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தாள். மூன்றாவது நான்காவது வெடிக்குத் தானே எழுந்து நின்று கைதட்டினாள். வேப்பெண்ணெய் தடவியிருந்தால் அவள் அந்த வானத்தைப் பார்த்திருக்க மாட்டாள், அழுதுகொண்டே வெளியேறியிருப்போம். அத்தைக்கும் அது தெரிந்தது. அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

டிஸ்னியின் அந்த அறை எனக்கு ஊரை நினைவூட்டியது. தமிழ்நாட்டில் 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அரசு திறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன், பெருமையாக இருந்தது. இன்றும் அது நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொதுக் கட்டடங்களில் இத்தகைய அறைகள் வேண்டும் என்று சொன்னது. கூடவே, பொது இடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. இரண்டாவது சொன்னதை நாம் குறைவாகவே பேசுகிறோம். அறை கட்டியாயிற்று, இனி நீ வெளியே உட்காரக் கூடாது என்று ஆகிவிட்டால், அந்த அறை உதவியாக இருக்காது, உத்தரவாகிவிடும். கதவு பூட்டியிருக்கும் நாளில் அவள் எங்கே போவாள்? மின்விசிறிக்குக் கீழே, சாய்மானமுள்ள பெஞ்சு ஒன்றில், ஊர்ப் பெண்கள் நடுவே அவள் இயல்பாக உட்கார முடிந்தால் அதுவே எனக்குப் போதும். அறை அதற்கு மேல்.

மறுநாள் எப்காட் பூங்காவில், பெண்கள் கழிப்பறை வரிசையை ஒட்டிய நிழற்பெஞ்சில் சின்னவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுடிதார் போட்ட ஓர் இளம்பெண், தோளில் இரண்டு மூன்று மாதப் பிள்ளையோடு, அந்த வரிசையின் கடைசியில் நின்றாள். பிள்ளை முகம் சிவக்க அழுதது. அவள் ஒரு கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். உள்ளே போய்க் கொடுக்கத்தான் நிற்கிறாள் என்று அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் போனில் தெலுங்கு பேசியது எங்கள் காதில் விழுந்திருந்தது. எங்கள் கரிசல் பக்கம் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு, அம்மாவுக்கும் அந்தத் தெலுங்கு வரும்.

"இக்கட கூச்சோ அம்மா" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள், வரிசையிலிருந்து விலகி வந்தாள். நான் தள்ளுவண்டியை இழுத்து இடம் விட்டேன். அம்மா எழுந்து தன் இடத்தையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, என் கணவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, ரெண்டு தம்ளர் தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றாள்.