கந்தரோடைக் கையறுநிலை

துறையூர்க்கு மேற்கே கொல்லிமலை நிற்கின்றது. அதனை ஆண்ட வல்வில் ஓரியைக் கொன்றான் முள்ளூர்க்குரிய காரி. கொன்று, மலையைச் சேரன் கையிற் கொடுத்தான். மாய்ந்தவனும் தமிழன்; மாய்த்தவனும் தமிழன். ஆயினும் அந்நாட் சான்றோர் ஓரியின் ஈகையையும் பாடினர், காரியின் ஈகையையும் பாடினர். அம்மலை நோக்கி வாழும் யாம் அழவேண்டிய களம் ஒன்று கடற்கு அப்பால் கிடக்கின்றது.

இராமசாமி பரமேசுவர! பம்பாய் நகரில் தமிழ்க்குடி ஒன்றில், 1946 செப்டம்பர் 13 அன்று பிறந்தனை. 1972இல் மகார் படைப்பிரிவு புக்கனை. மிசோரத்தின் மூங்கிற்காடும் திரிபுராவின் குன்றும் நின் அடிச்சுவடு அறிந்தன. உடன் நடந்த வீரர் நின்னைப் ‘பாரி சாகிப்’ என்று அழைத்தனர். 1987 ஜூலை 29இல் இந்தியாவும் இலங்கையும் உடன்பாடு கண்டன. அமைதி காக்கச் சென்ற படையோடு நீயும் கடல் கடந்தனை. தமிழ்ப் போராளிகளின் படைக்கலம் களையப் போனோர், அக்டோபரில் அவரோடே பொருதனர்.

காட்டிற் பழகிய போர், தோட்டமும் வேலியும் பனையும் நெருங்கிய ஊர்க்குள் வந்தது. அப்போர்க்குக் கொடியில்லை, முரசில்லை, நாள் குறித்து ஓலை விடுத்தலும் இல்லை. இருளிற் சென்று ஊரை வளைத்தல், விடியலில் மனைதோறும் துருவல், பலநாள் வெறுங்கையோடு மீளல்: தேடுதற் படையின் பணி அது. தேடப்பட்டோரோ, வந்தவர் மீளும் வழி நோக்கி மறைவிற் கிடப்பர். முதலிற் கண்ணிவெடி, புழுதி அடங்குமுன் எந்திரத் துப்பாக்கி. அவ்வலைக்குள் தயங்கினோர் பட்டார். உய்யும் வழி, வலைக்குப் புறம்பே நின்றோர் சுற்றிச் சென்று பதுங்கினோர் முதுகுப்புறம் பாய்தலே.

நவம்பர் 25 இரவு அதனையே செய்தனை, பெரும! யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கம் தேடுதல் முடித்து மீண்ட நின் அணியைப் பதுங்கினோர் தாக்கினர். பின்புறம் வளைத்து அவர் நடுவே புகுந்தனை. கைகலந்த போரில் ஒருவன் நின் மார்பிற் சுட்டான். அவன் துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்தினை. குருதி வடிய ஏவல் தந்தனை. ஏவல் முடியுமுன் உயிர் முடிந்தது. எதிர்ப்புறத்து ஐவர் மாண்டனர். மார்பிற் புண் ஏற்றாரைப் போற்றுவது எம் மரபு, நின்னைப் போற்றுவேம். ஆனால் அவ்வைவருள் ஒருவன் இறுதியில் ஏதேனும் அரற்றியிருப்பின், அது நினக்கு விளங்கியிருக்கும் அன்றோ!

மற்றொன்றும் கூறாது விடின் எம் அழுகை பொய்க்கும். நீ வீழ்தற்கு ஒரு திங்கள் முன், அக்டோபர் 21இல், யாழ்ப்பாண மருத்துவமனையுட் புகுந்த இந்தியப் படையின் குண்டுகளால் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் மாண்டனர். எப்படைக்கும் உரியரல்லர் அவர். மறு ஆண்டு, முல்லைத்தீவின் நித்திகைக்குளக் காடு இருபுறத்தும் இன்னும் பலரை உண்டது.

இந்திய அரசு நினக்குப் பரம்வீர் சக்கரம் ஈந்தது. 1990 மார்ச்சில் படை மீண்டது. மீளாதோர் ஏறத்தாழ 1,200 பேர். அவர்க்கு ஸ்ரீஜயவர்த்தனபுரக் கோட்டையில் நினைவுக்கல் நிற்கின்றது. எதிர்நின்று மாண்டோர்க்கு எழுந்த துயிலும் இல்லங்களின் கற்களோ, 2009இல் போர் ஓய்ந்தபின் பெயர்த்து எறியப்பட்டன.

நின்னைப் புகழ்வோர் அவரைப் பழித்தலும், அவரைத் தொழுவோர் நின்னை இகழ்தலும் கேட்டேம். இரண்டும் எமக்கு ஒவ்வா. அவ்விரவு முடிந்தபின் ஆறு மனைகள் ஒரே மொழியில் அழுதன. அவற்றுள் எந்த மனையின் வாயிலிற் சென்று நிற்பினும், இச்சாவால் இன்னது விளைந்தது என்று உரைக்க எம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.