தாத்தா போட்ட டெல்லி ஓட்டு

எங்க வீட்டுல ஒரு கதை உண்டு. அம்மாவோட அப்பா, அதாவது எங்க தாத்தா, வெள்ளைக்காரன் காலத்துலயே டெல்லி சட்டசபைக்கு ஓட்டுப் போட்டவர். சின்ன வயசுல இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். காலையில குளிச்சு, வேட்டி மாத்தி, விபூதி பூசி, வரிசையில நின்னு "மஞ்சப் பெட்டியில" போட்டுட்டு வந்தாராம். சாதிசனத்துல வேற யாருக்கும் அந்தப் பாக்கியம் இல்லையாம்.

இப்ப மாமா பசங்க எல்லாம் சேர்ந்து குடும்ப மலர் ஒண்ணு போடுறாங்க. தாத்தா பத்தின பக்கம் என் தலையில. (ஏதோ நாலு வரி எழுதத் தெரிஞ்சா இதான் கஷ்டம்.) எழுதுறதுக்கு முன்னாடி, அந்தக் காலத்துல தூத்துக்குடிக்கு டெல்லியில யாரு உறுப்பினர்னு பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன். பழைய சபை விவாதத் தொகுதிகள் எல்லாம் இப்ப இணையத்துலயே கிடைக்குது. வினை அங்கதான் ஆரம்பிச்சுது.

1919 சட்டத்துக்கு அப்புறம் டெல்லியில ரெண்டு சபை. கீழ்சபைக்குப் பேரு மத்திய சட்டசபை, மொத்தம் 145 பேர். அதுல 41 பேர் சர்க்கார் நியமிச்ச ஆளுங்க. தேர்ந்தெடுத்து வந்த 104 பேருல சென்னை மாகாணத்துக்கு 16. அதுலயும் முஸ்லிம்களுக்கு 3, ஐரோப்பியர், ஜமீன்தார், வியாபாரிகளுக்கு ஒவ்வொண்ணு போக, பொதுவா மிச்சம் 10. தூத்துக்குடி அப்ப திருநெல்வேலி ஜில்லாவுல இருந்துச்சா, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி மூணு ஜில்லாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆள்! இப்ப தூத்துக்குடிங்கற பேருலயே ஒரு மக்களவைத் தொகுதி இருக்கு, அதுவும் 2009 தேர்தல்ல இருந்துதான்.

1934 தேர்தல்ல அந்த இடத்துக்கு ஜெயிச்சு வந்தவர் ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ஆமா, பின்னாடி சென்னை மாகாண முதல் மந்திரியா இருந்தாரே, அவரேதான். அதே தேர்தல்ல சென்னை நகரத்துல இருந்து போனவர் சத்தியமூர்த்தி. நாற்காலியில உட்கார்ந்து சபையை நடத்திக்கிட்டிருந்த ஆர்.கே.சண்முகம் செட்டியாரே அந்த வருஷம் தோத்துட்டார்.

சரி, எங்க ஊருக்கு அந்தச் சபையால என்ன ஆச்சு? ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு உப்பு. 1923-ல உப்பு வரியை மணங்குக்கு ஒண்ணேகால் ரூபாயில இருந்து ரெண்டரை ரூபாயா ஆக்கணும்னு சர்க்கார் கேட்டுது. முடியாதுன்னு சபை தோற்கடிச்சுது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன் அதிகாரத்துல கையெழுத்துப் போட்டு அதைச் சட்டமாக்கிட்டார். அடுத்த வருஷம் பழைய வரிக்கே வந்துட்டாங்கன்னு வைங்க. ஆனாலும் அந்தச் சபையோட பலம் என்னன்னு தெரிஞ்சுபோச்சு.

ரெண்டாவதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1928-ல சாராபாய் ஹாஜின்னு ஒரு உறுப்பினர், இந்தியக் கரையோரக் கப்பல் வாணிபத்தை இந்தியர் கப்பலுக்கே ஒதுக்கணும்னு ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரிட்டிஷ் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைச்சுக் குறைச்சே சுதேசிக் கம்பெனிகளைச் சாகடிக்கிறதுதான் அதுல பெரிய புகார். இதுக்கு சாட்சி வேணும்னா டெல்லியில தேடணுமா? 1906-ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, இதே மாதிரி அடிவாங்கி, ஜெயிலுக்கும் போயிட்டு வந்த மனுஷன் அந்த வருஷம் கோவில்பட்டியில வக்கீலா இருந்தார். (வ.உ.சி.யோட கொழும்பு லைன் இந்த மசோதாவுக்குள்ள வராது, அது வெளிநாட்டுப் போக்குவரத்து. ஆனா நோய் ஒண்ணுதானே.) மசோதா இழுபட்டு இழுபட்டு சட்டமாகாமலே போச்சு. 1935 சட்டத்துல பிரிட்டிஷ் கப்பலுக்குப் பாதகமா யாரும் சட்டம் போடக்கூடாதுன்னு பூட்டே போட்டுட்டாங்க. 1936 நவம்பர்ல வ.உ.சி. தூத்துக்குடியில இறந்துபோனார்.

இப்ப தாத்தா கதைக்கு வர்றேன். டெல்லி சபைக்கு ஓட்டுப் போடணும்னா வருமான வரி கட்டணும், இல்ல கணிசமா தீர்வை கட்டுற நிலம் இருக்கணும். 1934-ல நாடு முழுக்க வாக்காளரே சுமார் 14 லட்சம் பேர்தான். தாத்தா உப்பளத்துல கணக்கப்பிள்ளை. சம்பளம் இருபது ரூபாயைத் தாண்டலைன்னு அம்மாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. ஒரு சென்ட் நிலம் கிடையாது. நகரசபைக்கு வரி கட்டுற ஒரு ஓட்டு வீடு மட்டும் இருந்துச்சு.

அப்புறம் அந்த மஞ்சப் பெட்டி. கட்சிக்கு ஒரு கலர்ல பெட்டி வச்சு, காங்கிரசுக்கு மஞ்சள்னு நடந்தது 1937 மாகாணத் தேர்தல். சென்னை சட்டசபைக்கு. அப்பதான் ஓட்டுரிமையை நல்லா விரிச்சாங்க, எல்லா மாகாணமும் சேர்த்து மூணு கோடிப் பேர். தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு அப்பதான் முதல் ஓட்டு. ஆக அவர் போட்டது டெல்லிக்கு இல்ல.

இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? எண்பது வயசு தாண்டிருச்சு. தாத்தா படத்துக்குக் கீழ உட்கார்ந்துதான் டிவி பார்ப்பா. மலர்ல பழைய கதையையே போட்டுட்டா எவன் கேக்கப் போறான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பொய்யுன்னு தெரிஞ்சப்புறம் கை ஓடல. மூணாம் நாள் காப்பியைக் கொடுத்துட்டு மெதுவா எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்ப எங்கய்யா பொய் சொன்னாரா?"

"பொய் இல்லம்மா. உங்க ஐயா 'சட்டசபை'ன்னு சொல்லிருப்பாரு. யாரோ நடுவுல டெல்லியைச் சேத்துருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசல. படத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. சேர்த்தது யாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதை நான் கேக்கல.

"ஏல, காங்கிரசுக்குத்தான போட்டாரு?"

"ஆமாம்மா, மஞ்சள்னா காங்கிரசுதான்."

"அப்ப மெட்ராஸ்னே மாத்திரு. மஞ்சப் பெட்டியை மட்டும் எடுத்துராத. அந்த விபூதி பூசினதையும் எழுது."

எழுதியாச்சு. நேத்து பிரஸ்ஸுக்குப் போயிருச்சு.