வெல்லத் தண்ணீர்

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடுகிற குதிரைச் சந்தையைப் பத்திரிகைகள் வருடம் தவறாமல் படம்பிடித்துப் போடுகின்றன. உடல் முழுக்க வெளுத்த நுக்ரா, காது நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மார்வாரி, பக்கத்தில் மீசையை முறுக்கியபடி நிற்கும் உரிமையாளர். விலையும் தவறாமல் இருக்கும். அந்தக் குதிரை அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது. முந்நூறு, நானூறு கிலோ எடை. மிரண்டால் எதிரில் இருப்பதை உதைத்து நொறுக்கிவிடும். அப்படிப்பட்ட ஓர் உயிரை லாரியில் நாலு காலில் நிற்கவைத்தே மலைக்கணவாய் தாண்டி, ஒரு கீறல் படாமல் கொண்டுபோய் இறக்குவது ஒரு தொழில். சந்தை முடியும்வரை வெட்டவெளியில் அதோடு தங்கி, அதைத் தெம்பாக வைத்திருப்பது அதே தொழிலின் மறுபாதி. அது முழுசாகத் தெரிந்த ஒருவர் ஆலங்காயத்தில் இருக்கிறார் என்று, எருது விடும் விழாக்களைப் படமெடுக்கும் நண்பர் சொன்னார். அவரே அழைத்தும் போனார்.

ஊரில் எல்லோரும் அவரை ‘குதிரை பாய்’ என்றுதான் சொல்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர். அப்பா வாணியம்பாடி ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். பெட்டி படுக்கையோடு இறங்குகிறவர்களையும், சந்தைக்குப் போகும் மூட்டைகளையும் ஏற்றிய காலம் அது. ஷேர் ஆட்டோ வந்த பிறகு ஸ்டாண்டில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நாள் அப்பா வண்டியை விறகுக்கு விற்றுவிட்டு, குதிரையை மட்டும் வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு வந்தாராம். “வண்டியை வித்த மனுசன் குதிரையை விக்கல சார். ரெண்டு வருசம் சும்மாவே தீனி போட்டாரு. அம்மா தினம் சண்ட.” அந்தக் குதிரைதான் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமந்தது. மகன் கூடவே போனார். கூட்டம், பேண்டு, வெடிச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குதிரையை அமைதியாக வைத்திருக்க அங்கேதான் கற்றுக்கொண்டார். பெரிய வீட்டுக்காரர்கள் பொழுதுபோக்காகக் குதிரை வாங்க ஆரம்பித்தபோது, ஏற்றி இறக்க ஆள் வேண்டுமென்று அவரைத் தேடி வந்தார்கள். இப்போது அவரிடம் சொந்தக் குதிரை கிடையாது. மகள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்.

இந்த முறை அவர் கொண்டுபோக வேண்டியவை நான்கு. மூன்று, ரேக்ளா பந்தயத்தில் ஓடி ஓய்ந்த மட்டக்குதிரைகள். நான்காவது ஐந்து வயது காத்தியவாரிப் பெட்டை, செம்பழுப்பு நிறம். நான்கும் பக்கத்து ஊர் நிலக்காரர் ஒருவருடையவை.

வேலை ஏற்றுகிற அன்று தொடங்குவதில்லை. பல நாள் முன்னதாகவே குடிக்கிற தண்ணீரில் வெல்லம் கரைக்க ஆரம்பித்துவிட்டார். குதிரை வெளியூர்த் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு வாயை எடுத்துக்கொள்ளும். தாகமிருந்தாலும் சில நேரம் குடிக்காது. சாதாரண நாளிலேயே முப்பது லிட்டர் அளவுக்குக் குடிக்கிற பிராணி, ஆடிக் காற்றிலும் வெயிலிலும் லாரியில் நின்றபடி ஒரு பொழுது குடிக்காமல் இருந்தால் குடலில் தீனி இறுகிவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. போனது வெளியே வர ஒரே வழிதான். அடைத்தால் வயிற்று வலியில் தரையில் விழுந்து புரளும், சாகவும் செய்யும். வெல்லம் கலந்த தண்ணீர் ஆலங்காயத்திலும் சேலத்திலும் அந்தியூரிலும் ஒரே ருசியாக இருக்கும். பயணத்துக்கு முந்தின நாள் கொள்ளை நிறுத்திவிட்டு நனைத்த புல் மட்டும் கொடுத்தார். கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கினார்கள், பின்னங்கால் லாடங்களைக் கழற்றினார்கள். இதிலெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாக எதுவும் விளங்கவில்லை.

ஏற்றுவதை மட்டும் வாழ்நாளில் மறக்க மாட்டேன். சாய்பலகை எதுவும் கிடையாது. ஏரிக்கரை ஓரமாக லாரியைப் பின்புறமாகக் கொண்டுவந்து, கரையின் மண்மட்டமும் லாரியின் தரையும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்தினார் டிரைவர். தை மாதம் எருது விடும் காளைகளையும் இந்த இடத்தில்தான் ஏற்றுவார்களாம். லாரித் தரையில் ஈர மணல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் வைக்கோல். வழுக்காமலிருக்க மணல். வைக்கோல் சத்தத்துக்காக. வெறும் பலகையில் குளம்பு பட்டால் எழும் ஓசை, கீழே பள்ளம் இருக்கிறது என்று குதிரைக்குச் சொல்லிவிடுமாம்.

மட்டக்குதிரைகள் பழகியவை, ஏறிவிட்டன. பெட்டை விளிம்பில் நின்றுவிட்டது. பாய் கயிற்றை இழுக்கவில்லை. அதன் கண்ணைப் பார்க்கவும் இல்லை. முதுகைக் காட்டியபடி லாரிக்குள் நின்று, ஏதோ யோசனையில் இருப்பவர்போல வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு தொய்ந்து கிடந்தது. பெட்டை கழுத்தை நீட்டி வைக்கோலை முகர்ந்தது. ஒரு முன்னங்காலை வைத்தது, எடுத்தது. மறுபடி வைத்தது. வைத்த கால் அங்கேயே நின்றதும் அவர் நாக்கைத் தட்டி ஒரு சின்னச் சத்தம் கொடுத்து, அரையடி முன்னால் நகர்ந்தார். பின்னால் இரண்டு பேர் கைகோத்து நின்றார்களே தவிரத் தள்ளவில்லை. நிலக்காரரின் மகன் பொறுமையிழந்து சவுக்கை எடுத்தபோதுதான் பாய் குரல் உயர்ந்தது: “அடிச்சி ஏத்துனா இன்னிக்கி ஏறும் தம்பி. அடுத்த தபா லாரியைப் பார்த்தாலே உதைக்கும். அத கீழ வைங்க.” சவுக்கு கீழே போனது. பெட்டை தானாகவே ஏறி அவர் தோளில் மூக்கை வைத்தது.

பிறகு மூங்கில். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் குறுக்கே ஒரு கழி, பின்னால் கனத்த கட்டைகள். தலைகளெல்லாம் சாலையின் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், எதிரே வருகிற வண்டிகளின் வெளிச்சமும் ஹாரனும் முகத்தில் அடிக்காதபடிக்கு. ஊருக்குத் திரும்பியபின் 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளைப் படித்துப் பார்த்தேன். அவர் செய்ததெல்லாம் அதில் இருந்தது: ஒரு வண்டியில் நான்கிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் கூடாது, நடுவில் எட்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மூங்கில், வழுக்காத தரை, இடப்பக்கம் பார்த்த தலை, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம். பாய் அந்த விதிகளைப் படித்தவர் இல்லை.

குதிரையின் முகத்தில் மாட்டியிருந்த வாரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். சந்தைகளில் இப்போது எங்கும் நைலான்தான். மலிவு, பளபளப்பு, அறவே அறாது. பாய் கையில் இருந்தது பழுப்பேறிய தோல் வார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோல், மெழுகு தேய்த்த நூலால் கையில் தைத்தது. கன்னத்துப் பக்கம் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒல்லியாகச் செதுக்கியிருந்தார்கள். குதிரை லாரியில் சறுக்கி விழுந்து தலை மாட்டிக்கொண்டால் அந்த இடம் அறுந்துபோகும். “நைலான் அறாது. அப்ப அறுறது கழுத்துதான்” என்றார். கயிற்றின் முடிச்சும் அப்படியே: ஒரு முனையை இழுத்தால் ஒரே உருவலில் அவிழ்ந்துவிடும்.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நாடு முழுக்கத் தெரிந்த தோல் வட்டாரம் இது. ஒரு காலத்தில் இந்தப் பட்டைப் பதனீட்டுக்குப் பேர்போன பகுதி. எழுபதுகளில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும் செய்யும் கம்பெனிகள் பெருகின, குரோம் பதனீடு பரவியது. தோல் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனதென்று 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியது. அந்த வரலாற்றில் குதிரை வாருக்கு இடமில்லை. சேணமும் கடிவாளமும் கான்பூரிலிருந்து வருகின்றன. பாயின் வாரைத் தைத்த கிழவர் இறந்துவிட்டார். அதே போல இன்னொன்று செய்துகொடுக்க இத்தனை தோல் தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஆள் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர். மஞ்சவாடிக் கணவாயில் ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து எட்டுக் குளம்புகள், பதினாறு குளம்புகள் இடம் மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டபடியே இருந்தது. டிரைவர் பிரேக்கை மிதிக்கவில்லை, வருடினார். அரூர் டீக்கடையில் பாய்க்குக் கைப்பேசியில் ஒரு படம் காட்டினேன். அமெரிக்காவில் காட்டுப் பாதைகளில் குதிரைச் சவாரி போகிறவர்களுக்கென்றே முகாம் இடங்கள் உண்டு. பெரிய பிக்கப் வண்டியின் பின்னால் நீளமான இழுவண்டியைக் கோத்துக் குதிரைகளைக் கொண்டுபோகிறார்கள். முன்பகுதியில் கட்டில், அடுப்பு, குளியலறை. பின்பகுதியில் சாய்வாகத் தடுத்த அறைகள், ஒவ்வொன்றுக்கும் சாளரம். போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேலே கயிறு கட்டி, அதில் குதிரையைக் கட்டுகிறார்கள். பாய் கட்டிலையும் அடுப்பையும் கவனிக்கவே இல்லை. “தரையில இன்னா போட்டிருக்காங்க?” என்று கேட்டார். ரப்பர் விரிப்பு என்றேன். “சரிதான். கயிறு மேல கட்டுறதும் சரி. கால் மாட்டாது.” அதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். நான்கும் குடித்தன.

அந்தியூரில் இறக்கியதும் தார்ப்பாய் கட்டி, முளை அடித்து, முன்கயிறு பின்கயிறு போட்டு நான்கையும் வரிசையாக நிறுத்தினார். ஆண்குதிரைகள் நின்ற பக்கத்திலிருந்து பெட்டையைத் தள்ளிக் கட்டினார். ராத்திரி கொசுவுக்கு வேப்பிலைப் புகை. ஒரு மணி நேரத்துக்கொரு முறை எழுந்து ஒவ்வொன்றின் விலாவிலும் காதை வைத்துக் கேட்பார். குடல் இரைந்துகொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால்தான் ஆபத்து. என்னையும் கேட்கச் சொன்னார். மதகில் தண்ணீர் உருளுகிற மாதிரி இருந்தது. சாணத்தை மிதித்துப் பார்ப்பார், ஈறை விரலால் அழுத்தி நிறம் திரும்புகிற வேகத்தைப் பார்ப்பார். முதல் இரவு எந்தக் குதிரையும் படுக்கவில்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். பத்திரமான இடம் என்று நம்பினால்தான் படுக்கும். மறுநாள் இரவு பாய் பெட்டையின் முன்னால் சாக்கு விரித்துப் படுத்தார். விடியலுக்கு முன் அது காலை மடக்கிப் படுத்தது. மட்டக்குதிரை ஒன்று நின்றபடி காவல் காத்தது.

பகலில் தரகர்கள் வந்தார்கள். அவர்கள் வாங்குகிறவன் கையைத் துண்டுக்குள் இழுத்து விரலைப் பிடிக்கிறார்கள்; பிறகு விற்கிறவனிடம் வந்து அதே துண்டுக்குள் வேறு விரலைப் பிடிக்கிறார்கள். நடுவில் நிற்கிற தொகை யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் தரகு வேறு. விலையைக் குறைக்க அவர்கள் கையில் இருக்கிற ஆயுதம் சுழி. ராஜ சுழி இருந்தால் ஏற்றுவார்கள். சேணத்துக்குக் கீழே ஒரு மயிர்ச்சுழி கிடந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெருமூச்சு விடுவார்கள். பெட்டையின் கழுத்தில் இருந்த ஒரு சுழிக்காக அதன் விலையை எங்கள் கண்ணெதிரே இறக்கினார்கள். அதன் குளம்பைத் தூக்கிப் பார்க்கவோ, பல்லைப் பார்க்கவோ, ஒரு நடை நடத்திப் பார்க்கவோ ஒருவர்கூட முன்வரவில்லை.

பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: அரபு வணிகர்கள் வருடந்தோறும் கப்பல் கப்பலாகக் குதிரை கொண்டுவந்து விற்றார்கள். இங்கே பராமரிப்புத் தெரியாததால் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்தன. லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை அந்த வணிகர்கள் இங்கே வரவிடவே இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை. எழுநூறு ஆண்டுக்கு மேலாகியும் கணக்கு மாறவில்லை. குதிரை கைமாறும்போதெல்லாம் நடுவில் நிற்பவனுக்குப் பணம். அதை உயிரோடு வைத்திருப்பவனுக்கு நாள் கூலி, அதுவும் சந்தை முடிந்தபின் ‘பார்த்துத் தருகிறேன்’ என்கிற வாக்கு. பெட்டையை விற்ற தரகு அந்த அரை மணி நேரத்துக்கு. பாய் அதோடு இருந்த இரவுகளுக்கு யாரும் விரல் பிடிக்கவில்லை. சந்தை நடத்துகிறவர்கள் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஏற்பாடு செய்கிறார்கள், நல்லது. ஏற்றி இறக்க ஒரு மண்மேடு, விலையைத் துண்டுக்கு வெளியே சொல்ல ஒரு பலகை, குதிரையாளுக்கு விற்பனைச் சீட்டிலேயே எழுதிய ஒரு கூலி — இதற்குப் பெரிய செலவு ஆகாது. தரகனிடமிருந்து ஒரு பங்கைப் பிடித்துக்கூடக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும்.

பெட்டையை வாங்கியவர்கள் சின்ன லோடு வண்டி கொண்டுவந்திருந்தார்கள். பக்கத் தட்டு இடுப்பளவு உயரம், தரை வெறும் தகரம். தரகர் வண்டியில் ஏற்றச் சொன்னார். பாய் கயிற்றை விடவில்லை. “இதுல ஏத்த மாட்டேன்” என்றார். வேலை முடிந்தது, இனி அது உன் குதிரை இல்லை என்றார் தரகர். பாய் அவருக்குப் பதில் சொல்லாமல், வாங்கியவர்களோடு வந்திருந்த பதினேழு பதினெட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். எங்கள் லாரியிலிருந்து மூங்கில்களை இறக்கி, பக்கத் தட்டுக்கு மேலே உயரமாகச் சுற்றிலும் கட்டவைத்தார். கோயில் பக்கம் கிடந்த மணலைச் சாக்கில் அள்ளிவந்து தரையில் கொட்டச் சொன்னார். வாங்கியவர்கள் மாட்டியிருந்த நைலான் வாரைக் கழற்றிவிட்டு, தன் தோல் வாரை மாட்டினார். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். நான் தடுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை. இன்று கொள்ளு கூடாது, தண்ணீரில் வெல்லம், நாலு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், முதல் ராத்திரி கிட்டவே படு என்று பையனிடம் சொன்னார். உருவுகிற முடிச்சை ஒரே கையால், பார்க்காமல் அவிழ்க்க வரும்வரை திரும்பத் திரும்பப் போடவைத்தார்.

வண்டி கிளம்ப மதியம் ஆகிவிட்டது. தரகர் அதற்கு வெகுநேரம் முன்பே அடுத்த தார்ப்பாய்க்குப் போயிருந்தார்.