இரண்டு பக்கமும் கேளுங்கள் பிள்ளைகளே

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் உங்களை அடிக்கடி பார்க்கிறேன். காதில் பாட்டு, முகத்தில் வாட்டம். விரல் மட்டும் ஓயாமல் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டின் பல்லவி முடியுமுன் அடுத்த பாட்டு, அதுவும் ஒட்டாமல் இன்னொன்று. சாய்ந்தமருதில் ஏறிய பிள்ளை காரைதீவைத் தாண்டி நிந்தவூரில் இறங்குவதற்குள் இருபது பாட்டைத் தொட்டுவிடுகிறது, ஒன்றையும் கேட்கவில்லை. மனம் சரியில்லாமல்தான் பாட்டைத் தேடுகிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. எழுபதைக் கடந்த நானும் அப்படித் தேடியவன்தான். தேடியதில் கிடைத்ததை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் அலமாரியில் ஏழு கசட்டுகள் இருக்கின்றன. நான்கு நாகூர் ஈ.எம். ஹனீபா. ஒன்று காயல் ஷேக் முஹம்மது. ஒன்று ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரம். மற்றது இளையராஜா. ஐம்பது வருட வாழ்க்கையில் என்னைத் தூக்கி நிறுத்தியவை இந்த ஏழும்தான். இடையில் வாங்கியது எவ்வளவோ, நின்றது இவ்வளவு.

ஹனீபாவை நான் முதலில் கேட்டது மருதமுனையில், வாப்பாவின் தறிக்குழியில். கூரைக் கம்பில் றேடியோ தொங்கும். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி தொடங்கினால் வாப்பா தறியை நிறுத்தமாட்டார். பாட்டின் தாளத்துக்கு நாடாவின் ஓட்டம் தானாக மாறும். அந்த வருடம் நூல் வாங்கிய கடன் கழுத்துவரை ஏறியிருந்தது. கடன்காரர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போன ஒரு பின்னேரம், வாப்பா ஒரு சொல்லும் பேசாமல் குழியில் இறங்கினார். ஹனீபா பாடிக்கொண்டிருந்தார். இருட்டும்வரை நெய்தார். சின்னப் பிள்ளையின் துணிச்சலில், "பாட்டுக் கேட்டா கடன் போயிருமா வாப்பா?" என்று கேட்டேன். "பாட்டு கடனக் கட்டாது மனே. கடனக் கட்டுற கைக்குத் தெம்பு குடுக்கும்" என்றார். இரண்டு வருடத்தில் அந்தக் கடன் தீர்ந்தது. தீர்த்தது கைதான். ஆனால் கை சோராமல் பார்த்துக்கொண்டது எது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குரலில் அப்படி என்ன இருந்தது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். 1925 டிசம்பர் 25 இல் பிறந்தவர், 2015 ஏப்ரல் 8 இல் சென்னையில் மறைந்தார். இஸ்லாமியப் பாட்டோடு திராவிட இயக்க மேடைகளிலும் பாடியவர். திறந்தவெளியில் கூடிய பெருங்கூட்டத்துக்குப் பாடிப் பழகிய தொண்டை அது. உச்சத்தில் எடுப்பார், எடுத்த இடத்திலேயே நிலைத்து நிற்பார். அவரோடு சேர்ந்து முணுமுணுக்க முடியாது பிள்ளைகளே, பாடத்தான் வேண்டும். பாட வேண்டுமென்றால் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க வேண்டும். துவண்டு கிடப்பவன் அந்த ஒரு மூச்சுக்காக எழுந்து உட்காருகிறான். முதுகு நிமிர்ந்தால் மனமும் கொஞ்சம் நிமிர்கிறது. 1992 இல் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜா இசையில் அவர் பாடியபோது எங்கள் தோணிக்காரர்கள் அதையும் இப்படித்தான் பாடினார்கள், தொண்டை கட்டும்வரை.

என் ஹனீபா கசட்டுகளில் மூன்றை வாங்கியது கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தில். நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் ஒவ்வொரு வருடமும் அங்கே கொடி ஏறும். மணலில் தற்காலிகக் கடைகள் முளைக்கும். மஸ்கற் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே ஒரு கசட் கடை. நாகூராரின் கொடியின் கீழே நாகூர்க்காரரின் பாட்டை வாங்கியது எனக்கு அன்று பெரிய பேறாகத் தெரிந்தது. இன்றும் அப்படியே தெரிகிறது.

கசட் என்பது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. அறுபது நிமிடக் கசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையை நீங்கள் மாற்ற முடியாது. எனக்கு உயிரான பாட்டு இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக இருந்தது. ஓடவிட்டுத் தேடினால் பற்றரி இறங்கிவிடும். பற்றரிக்கோ காசில்லை, தீர்ந்துபோனதை ஓட்டு மேலே வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் ஓட்டிய காலம். ஆகவே காத்திருந்தோம். பிடிக்காத பாட்டையும் பொறுத்துக் கேட்டோம். பொறுத்துக் கேட்ட பாட்டுகளில் இரண்டொன்று பத்து வருடம் கழித்து என் வயதுக்கு வந்து, உயிரான பாட்டைவிட நெருக்கமாயின. விரும்பியது வரும்வரை இருந்து பழகிய காதுக்கு வாழ்க்கையிலும் இருக்கத் தெரிகிறது.

அந்தப் பழக்கம் 1990 இல் கைகொடுத்தது. ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. மின்சாரம் இல்லை, ஊரடங்கு. எங்கள் வீட்டில் நான்கு குடும்பம் அடைந்திருந்தது. எந்தச் சத்தம் எங்கிருந்து வரும் என்று தெரியாத இரவுகள். ஒரு நாள் நான் கசட்டைப் போட்டேன், காதைக் கிட்ட வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு. பிள்ளைகள் சுற்றி வந்து படுத்தார்கள். ஒரு பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டேன். பயம் போகவில்லை. ஆனால் எல்லையில்லாமல் கிடந்த இரவுக்கு ஓர் அளவு வந்தது: இன்னும் அரை மணி, இன்னும் ஒரு பக்கம். அப்படிப் பக்கம் பக்கமாகத்தான் அந்த மாதங்களைக் கடந்தோம். பெரிய துன்பத்தை ஒரே மூச்சில் தாங்க யாராலும் முடியாது. அரை மணி அரை மணியாகத் தாங்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இசை கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் சொந்தக்காரரிலேயே கேட்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்குப் போனால் நானும் போடமாட்டேன். அவர்களுக்குக் கிராஅத்தும் பைத்தும் செய்வதை எனக்கு இந்தக் கசட்டுகள் செய்தன. நான் சொல்ல வந்தது கேட்கும் முறையைப் பற்றி, அது இரு சாராருக்கும் பொருந்தும்.

என் இளைய மகள் உயர்தரப் பரீட்சையில் மருத்துவபீடத்துக்குப் புள்ளி காணாமல் அறைக்குள் கதவைச் சாத்திய கிழமையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாச்சிமார் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொரு ஆறுதலும் அவளுக்கு ஒவ்வொரு மூட்டையாக ஏறியது. சொல் உள்ள பாட்டுக்கூட வேண்டாம் என்று எனக்குப் பட்டது. 1986 இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' கசட்டைப் போட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். வயலின்களே பேசும் இசை. தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மனிய இசைமேதை பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கியது. முதல் நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் பக்கம் முடிந்து 'டக்' என்று நின்றபோது, கதவு கொஞ்சம் திறந்து ஒரு கை மட்டும் வந்து கசட்டைத் திருப்பிப் போட்டது. நானும் அவள் உம்மாவும் குசினியில் நின்று பார்த்தோம், வாய் திறக்கவில்லை. துக்கப்படுகிறவருக்கு ஆலோசனை சொல்வதைவிட அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நல்ல இசையை வைத்துவிட்டு விலகி நிற்பது மேல். அடுத்த வருடம் அவள் மறுபடி எழுதினாள். இன்று கணித ஆசிரியை.

சின்ன மௌலானா என் அலமாரிக்கு வந்த வழி வேறு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு இருக்கிறது. சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். மறைந்துபோன யாழைப் பல வருடம் ஆராய்ந்து 'யாழ் நூல்' செய்து, 1947 ஜூனில் அதை அரங்கேற்றிவிட்டு அடுத்த மாதமே கண்மூடியவர். நான் மணம் முடித்து வந்த வீடு சாய்ந்தமருதில், எல்லைப் பக்கம். வைகாசியில் காரைதீவு கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திக்கு ஒலிபெருக்கி கட்டினால் எங்கள் முற்றம்வரை கேட்கும். இரு ஊருக்கும் மனம் கசந்த வருடங்கள் வந்தன. யார் முதலில், யார் பிறகு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, இரு பக்கமும் மையித்து விழுந்தது. அதன் பிறகு ஒரு வைகாசியில் காற்றோடு நாதஸ்வரம் வந்தது. உம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "சத்தம் வருது மனே. அங்கயும் ஆக்கள் நல்லா இருக்காங்க போல" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் நாதஸ்வரக் கசட் தேடினேன். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த அந்த முஸ்லிம் வித்துவானின் பெயர் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அதைப்பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்ல முடியாமல் இருந்திருப்பார்கள். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்கள் போனது நமது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். என் ராத்தாவும் அதில் ஒருவர். வீட்டில் சுவர் இரண்டு மிஞ்சியது. நான்காம் நாள் சேற்றைக் கிளறியபோது பிஸ்கட் தகரம் ஒன்று அகப்பட்டது. உள்ளே கசட்டுகள். மூடி இறுக்கமாக இருந்தும் கடல் நுழைந்திருந்தது.

நாங்கள் தங்கியிருந்தது ஒரு பாடசாலை வகுப்பறையில். கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால் பவுசர் தண்ணீர்தான். குடிக்கும் தண்ணீரில் ஒரு கோப்பையை ஒரு ஹனீபா கசட்டுக்குச் செலவழிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் செலவழித்தேன். மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து சின்ன ஆணி. கழற்றினால் உள்ளே இரண்டு சக்கரம். தொண்ணூறு மீற்றர் நாடா. சக்கரத்தோடு தண்ணீரில் அலசி, பென்சிலைக் கொடுத்துச் சுற்றி, ராத்தாவின் பழைய கவணித் துண்டால் முழம் முழமாக ஒற்றினேன். உப்பு வெள்ளையாகத் துணியில் வந்தது. மூன்று நாள் வேலை. மருமகன் வேறொரு கசட்டின் கூட்டைக் கொண்டுவந்து தந்தான், அதற்குள் நாடாவை மாற்றினேன்.

அன்று இஷாவுக்குப் பிறகு ஓடவிட்டோம். ஒரு வகுப்பறை நிறைய ஆட்கள், யாரும் யாரோடும் பேசுவதில்லை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' வந்தது. கேட்பவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்று அந்தப் பாட்டு விசாரிப்பதில்லை. மூலையில் ஒரு தாய், மூன்று பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர், வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசாதவர். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் சென்று, சுவரைப் பார்த்தபடியே, "தேத்தண்ணி இருக்கா?" என்றார். ஐந்தாறு பேர் ஒன்றாக எழுந்தோம்.

மனம் தேறுவது என்பதை நான் அன்று கண்ணால் கண்டேன். சிரிப்போ கொண்டாட்டமோ எதுவும் வரவில்லை. ஒரு கோப்பை தேநீர் கேட்கும் அளவுக்கு உயிர் திரும்பி வந்தது. பாட்டிடம் அதற்கு மேல் கேட்காதீர்கள். அது கொடுக்கும் அந்தச் சிறு அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனிதர் அடுத்த நாளுக்குள் நடக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளே, ஆயிரம் பாட்டைச் சேர்க்காதீர்கள். ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, நன்றாக இருக்கும் நாட்களிலேயே அவற்றோடு பழகிக்கொள்ளுங்கள், கிணற்றை வெட்டி வைப்பதுபோல. தொடங்கியதை முடிவுவரை கேளுங்கள், இடையில் தள்ளாதீர்கள். முடியுமானால் ஒரு காதை வெளியே விடுங்கள், வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் கேட்கட்டும். அழவைக்கும் பாட்டையே இரவெல்லாம் சுழலவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது புண்ணைச் சொறிவது.

அந்தக் கசட் இன்னும் ஓடுகிறது. இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் மட்டும் கடல் பிடித்த ஓர் இடம் உண்டு. மூன்று விநாடி குரல் தண்ணீருக்குள் போவதுபோல் மங்கி, மறுபடி எழும். என் பேரன் அந்தப் பாட்டைத் தெளிவாகவே கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை முற்றத்தில் அதைப் போட்டுவிட்டுச் சைக்கிளைத் துடைத்தபடி கூடவே உரத்துப் பாடிக்கொண்டிருந்தான். அந்த இடம் வந்தது. கைபேசியில் ஹனீபா நிற்காமல் பாடினார். இவன் குரல் தானாகத் தாழ்ந்து, மூன்று விநாடி கழித்து மறுபடி மேலே எழுந்தது.